உக்கடம் சாக்கடைத் தண்ணீரில் பிடித்த பேஜ், நாமக்கல் கோழியின் பாக்டீரியாவை ஏன் கொல்லவில்லை?

கேள்வி கேட்ட தம்பி கோவையில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறார். வீட்டில் நாமக்கல் பக்கம் லேயர் பண்ணை. பேஜ் என்றால் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், ஈ.கோலை ஒரு குடல் பாக்டீரியா. அவர் கேட்டதன் சுருக்கம் இது: "உக்கடம் பக்கம் சாக்கடைத் தண்ணீர் எடுத்து, கல்லூரியில் இருக்கிற ஈ.கோலை கே-12ஐ வைத்து ஒரு பேஜ் பிடித்தேனுங்க. தட்டில் பளிச்சென்று ஓட்டை ஓட்டையாக விழுகிறது. எங்கள் பண்ணையில் செத்த கோழியின் ஈரலில் இருந்து எடுத்த ஈ.கோலை மேல் அதே பேஜை விட்டால், நேர் துளி வைத்த இடத்தில் மட்டும் மங்கலாக ஒரு வட்டம். நீர்த்து வைத்தால் ஒன்றுமே இல்லை. பேஜ் வீரியம் போய்விட்டதாங்கக்கா? ஏற்பி இல்லை என்று சார் சொல்கிறார், அது மட்டும்தானா?"

வீரியம் எங்கேயும் போகவில்லை தம்பி. பேஜுக்கென்று தனியாக ஒரு வீரியம் கிடையாது, அவ்வளவுதான். எந்த பாக்டீரியாவோடு சேர்த்துப் பார்க்கிறோமோ அதைப் பொறுத்ததுதான் அது. டி7 பேஜை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கையில் இருப்பது அறுபதுக்கும் குறைவான மரபணுக்கள். அது நுழையும் ஈ.கோலையிடம் சுமார் 4,300. பத்துச் சட்டி பாத்திரத்தோடு வந்து, பாக்கி எல்லாவற்றையும் அந்த வீட்டுச் சமையலறையிலேயே எடுத்துச் சமைக்கிற விருந்தாளி அது. அந்த வீட்டில் ஒரு கரண்டி இல்லையென்றாலும் சமையல் நின்றுபோகும். அந்தக் கரண்டி எது என்று பேஜின் மரபணுவை மட்டும் படித்துச் சொல்லிவிட முடியாது.

சார் சொன்னதில் தப்பில்லை. ஏற்பியில், அதாவது பாக்டீரியா மேல் பேஜ் வந்து ஒட்டும் இடத்தில் இருந்தே தொடங்கலாம். ஆனால் கதை அங்கேயே முடிந்துவிடாது.

முதலில் நீங்கள் தூண்டிலில் மாட்டிய இரையைப் பாருங்கள். கே-12 என்பது 1922இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், டிப்தீரியாவில் இருந்து தேறிவந்த ஒருவரின் மலத்தில் எடுத்த விகாரம், அதாவது ஈ.கோலைக்குள்ளேயே ஒரு தனி வகை. நூறு வருடமாகச் சோதனைக் குழாயிலேயே வளர்ந்து சொகுசு கண்டது. ஈ.கோலையின் வெளிப்புறத்தில் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஓ-ஆன்டிஜென் என்பது அதுதான். கே-12இல் அதைக் கட்டும் மரபணு ஒன்றுக்குள் தாவும் டி.என்.ஏ. துண்டு புகுந்துவிட்டதால் சங்கிலியே கிடையாது, மொட்டை. கோழியைக் கொல்லும் ஈ.கோலை அப்படி இல்லை. ஓ1, ஓ2, ஓ78 என்று நாம் வகை பிரிப்பதே இந்தச் சங்கிலியை வைத்துத்தான். அதற்கு மேல் சிலவற்றுக்கு உறையும் உண்டு. மொட்டைத் தலையை வைத்துப் பிடித்த பேஜ், கொண்டை போட்ட தலையில் உட்கார இடம் தெரியாமல் முழிக்கிறது. உங்கள் கதையில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இதே உறை சில பேஜ்களுக்குச் சோறு. கே1 என்ற சயாலிக் அமில உறை போட்ட ஈ.கோலையை டி7 தொட முடியாது. உறை மறைத்துவிடும். ஆனால் டி7இன் சொந்தக்காரப் பேஜ் ஒன்று, கே1எஃப் என்று பெயர், வாலில் அந்த உறையை அரிக்கும் நொதியை வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு உறை இருந்தால்தான் பிழைப்பு. உறை கட்டும் மரபணுவை எடுத்துவிட்டால் டி7 உள்ளே போகிறது, கே1எஃப் பட்டினி கிடக்கிறது. ஆக, "இந்த மரபணு பாக்டீரியாவைக் காக்கிறது" என்று எழுதும்போது எந்தப் பேஜிடம் இருந்து என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை.

ஏற்பிகளைப் பற்றி இன்னொன்று. பேஜுக்காக எந்த பாக்டீரியாவும் வாசல் வைப்பதில்லை. அது தன் வயிற்றுப்பாட்டுக்கு வைத்த வாசல். டி1 என்ற பேஜை நுழையவிடாத ஈ.கோலை விகாரங்களில் கெட்டுப்போயிருந்த மரபணுக்களுக்கு, டி-ஒன் என்பதைச் சுருக்கி டான்-ஏ, டான்-பி என்று பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் இரண்டுக்கும் உண்மையான வேலை இரும்பை உள்ளே இழுப்பது. அதேபோல் லாம்டா பேஜின் வாசல், லாம்-பி, மால்டோஸ் சர்க்கரை உள்ளே வரும் துளை. பூட்டினால் வைரஸும் வராது, சாப்பாடும் வராது. எதிர்ப்பு வந்த விகாரம் வளர்ச்சியில் சுணங்கிப் போவதற்கு முக்கியமான காரணம் இது.

லாம்-பி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். படிக்கும்போது ஒரு வாரம் லாம்டா தட்டுகள் எனக்குச் சரியாக வரவில்லை. முதல் வாரம் பளிச்சென்று விழுந்த பிளேக் (பேஜ் தட்டில் போடும் ஓட்டை), மறு வாரம் ஊசிமுனை அளவு, எண்ணிக்கையும் குறைவு. பேஜ் செத்துவிட்டது என்று புதுக் குப்பி வாங்கினேன், குளிர்பெட்டியைத் திட்டினேன், மெக்னீசியம் மறந்துவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். கடைசியில், பாக்டீரியா நன்றாகக் கொழுத்து வளரட்டும் என்று நானே வளர்ப்புக் கரைசலில் கொஞ்சம் குளுக்கோஸ் சேர்த்திருந்தது ஞாபகம் வந்தது. குளுக்கோஸ் கையில் இருந்தால் ஈ.கோலை மால்டோஸ் பக்கம் திரும்பிப் பார்க்காது. அந்த மரபணுக் கூட்டத்தையே அமுக்கி வைத்துவிடும், லாம்-பியும் சேர்ந்து அமுங்கும். குளுக்கோஸை விட்டுவிட்டு 0.2 சதவீதம் மால்டோஸ் போட்டதும் மறுநாள் தட்டு நிறையப் பிளேக். மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. என்ன சாப்பிட்டது என்பது மாறியது, அதனால் எந்த மரபணு விழித்திருக்கிறது என்பது மாறியது. கோழிக் குடலில் இருக்கும் ஈ.கோலையும், நீங்கள் பிளாஸ்கில் வளர்க்கும் அதே ஈ.கோலையும் இந்தக் கணக்கில் ஒன்றல்ல.

வாசலை மாற்றினால் பேஜும் மாறும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் மையரும் லென்ஸ்கியும் அவர்கள் குழுவினரும் 96 குடுவைகளில் ஈ.கோலையையும் லாம்டாவையும் ஒன்றாக வளர்த்தார்கள். பாக்டீரியா லாம்-பியைக் குறைத்துக்கொண்டது. அதில் 24 குடுவைகளில் லாம்டா, ஓம்ப்-எஃப் என்ற வேறொரு துளையைப் பிடித்து நுழையக் கற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு வாலின் புரதத்தில் நான்கு மாற்றங்கள் தேவைப்பட்டன. மீதிக் குடுவைகளில் அது நடக்காததற்கு பாக்டீரியாவே ஒரு காரணம். சிலவற்றில் அது உள் சவ்வில் இருக்கும் மேனோஸ் சர்க்கரைக் கடத்தியையும் கெடுத்துக்கொண்டது. வெளிக்கதவைத் திறந்தாலும் உள்கதவு பூட்டு என்றானபோது, புதுச் சாவி செய்வதில் பேஜுக்கு லாபமில்லாமல் போனது. வைரஸ் எந்தப் பக்கம் பரிணமிக்கும் என்பதையே ஓம்புயிரின் (அது புகுந்து பெருகும் பாக்டீரியாவின்) மரபணு தீர்மானித்த நிகழ்ச்சி இது. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் ஒன்று.

சரி, உள்ளே போயாயிற்று. இனித்தான் சமையலறை.

டி7 தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியைத் தானே கொண்டுவருகிறது. ஆனால் அந்த நொதி தனியாக வேலை செய்தால் சில எழுத்துகள் எழுதியதும் டி.என்.ஏ.வை விட்டு நழுவிவிடும். அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பாக ஈ.கோலையின் தயோரெடாக்சின் என்ற சின்னப் புரதத்தை எடுத்துக்கொள்கிறது. ஈ.கோலைக்கு அந்தப் புரதம் இல்லாவிட்டாலும் பிழைப்பு ஓடும். டி7க்கு அது இல்லாவிட்டால் ஒரு குட்டி கிடையாது. ஒட்டிக்கொள்ளும், டி.என்.ஏ.வை உள்ளே விடும், அப்படியே நிற்கும். தட்டில் பார்ப்பவருக்கு இதுவும் ஏற்பி இல்லாததும் ஒரே மாதிரிதான் தெரியும்.

லாம்டாவின் தலைப்புரதங்கள் ஒழுங்காக மடிந்து ஒரு கூடாக அமைவதற்கு ஈ.கோலையின் குரோ-இ மரபணுக்கள் வேண்டும். அவை பழுதான பாக்டீரியாவில் தலைகள் உருவாகாமல் புரதமெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டு கிடக்கும். 1972, 73 வாக்கில் இதைக் கண்டுபிடித்தவர்கள் தேடியது, பேஜ் வளர முடியாத பாக்டீரியாவை. கிடைத்தது, அநேகமாக உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கருவி. புரதத்தைத் தொட்டிலில் போட்டு மடிப்பது மாதிரி மடித்துக் கொடுக்கும் சாப்பரோன். அதன் உறவுக்காரப் புரதம் நம் உடம்பின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, ஈரோட்டு மஞ்சள் இலையின் பசுங்கணிகத்திலும் இருக்கிறது. டி.என்.ஏ.-ஜே, டி.என்.ஏ.-கே, கிரப்-இ என்ற மற்ற சாப்பரோன் மரபணுக்களும் லாம்டா பெருகாத பாக்டீரியாக்களில் இருந்துதான் வெளியே வந்தன. வைரஸ் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தே செல்லின் உள்வீட்டை வரைபடம் போட்டிருக்கிறார்கள். "பேஜ் வேலை செய்யவில்லை" என்ற முடிவைக் குப்பையில் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

2006இல் ஜப்பானில் கே-12இன் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி 3,985 விகாரங்கள் கொண்ட ஒரு தொகுப்பைச் செய்தார்கள். கெய்யோ தொகுப்பு என்று பெயர். அதை வைத்து 2010இல் லாம்டாவைச் சோதித்ததில், எடுத்துவிட்டால் லாம்டா தடுமாறும் மரபணுக்கள் 57 அகப்பட்டன. அதில் பாதிக்கு மேல் அதுவரை யாரும் சந்தேகப்படாதவை. லாம்டா என்பது 48,502 எழுத்து உள்ள, உலகத்திலேயே அதிகம் துருவப்பட்ட வைரஸ்களில் ஒன்று. அதிலேயே இந்தக் கதை. உங்கள் பெயரில்லாத பேஜுக்கு எத்தனை இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவை பேஜ் கடன் வாங்கும் மரபணுக்கள். பேஜை விரட்டுவதற்கென்றே பாக்டீரியா வைத்திருப்பவையும் உண்டு. உங்கள் மங்கலான வட்டத்துக்கு இவையும் பதிலாக இருக்கலாம்.

1952இல் லூரியாவும் ஹியூமனும் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். ஒருவகை ஈ.கோலை பேஜால் செத்தது, ஆனால் வெளியே வந்த பேஜ்கள் வழக்கமான ஈ.கோலையில் வளரவில்லை. லூரியா எழுதிவைத்தபடி, ஒரு நாள் ஈ.கோலைக் குழாய் உடைந்துபோக, கைக்குக் கிடைத்த ஷிகெல்லாவில் (ஈ.கோலைக்கு நெருங்கிய சொந்தமான பாக்டீரியா) போட்டுப் பார்த்தார். செத்ததாக நினைத்த பேஜ் அதில் ஜோராக வளர்ந்தது. (உடைந்த குழாய்க்கு ஒரு கோயில் கட்டலாம்.) மறு வருடம் பெர்தானியும் வைகிளும் லாம்டாவில் இதே போன்ற ஒன்றைக் காட்டினார்கள். ஈ.கோலை சி என்ற விகாரத்தில் வளர்த்த லாம்டாவை கே-12இல் போட்டால் பல ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கிறது. பிழைத்து வந்ததன் பிள்ளைகள் கே-12இல் முழு வீச்சில் வளர்கின்றன. சடுதிமாற்றம் என்று நினைப்பீர்கள். அந்தப் பிள்ளைகளை ஒரே ஒரு சுற்று சியில் வளர்த்துத் திருப்பிக் கொண்டுவந்தால் பழையபடி ஆயிரக்கணக்கில் சாகின்றன. சடுதிமாற்றம் இப்படி ஒரே சுற்றில் கழன்று போகாது. யார் வீட்டில் பிறந்தது என்ற முத்திரை அது. கே-12 தன் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் மீத்தைல் என்ற வேதிப் பொட்டு வைக்கிறது. பொட்டில்லாத டி.என்.ஏ. உள்ளே வந்தால் வெட்டுகிறது. ஆர்பர் அவிழ்த்த இந்த முடிச்சில் இருந்துதான் மரபணு வேலை செய்யும் எல்லாருடைய குளிர்பெட்டியிலும் இருக்கும் வெட்டு நொதிகள் வந்தன. ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவருக்கும் 1978இல் நோபல்.

இதை நீங்களே உங்கள் மேசையில் செய்யலாம். துளி வைத்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். கெட்டியான பேஜ் கரைசலை 100 மைக்ரோலிட்டர் எடுத்துப் பண்ணை விகாரத்தோடு மென்அகாரில் கலந்து முழுத் தட்டாக ஊற்றுங்கள், அதோடு பத்துப் பத்தாக நீர்த்தவற்றையும். ஐந்து மைக்ரோலிட்டர் துளியில் தெரியாத ஒன்றிரண்டு பிளேக் இதில் தெரியலாம். தெரிந்தால் ஒன்றைக் குச்சியால் குத்தி எடுத்து, பண்ணை விகாரத்திலேயே வளர்த்து, மறுபடி பண்ணை விகாரத்தில் எண்ணுங்கள். இப்போது நிறைய விழும். அடுத்து அதை ஒரு சுற்று கே-12இல் வளர்த்துத் திரும்பப் பண்ணை விகாரத்தில் எண்ணுங்கள். எண்ணிக்கை பழையபடி சரிந்தால் உங்கள் கோழிக் கிருமியிடம் வெட்டு நொதி இருக்கிறது, உங்கள் பேஜுக்கு முத்திரை கழன்றுவிட்டது. சரியாமல் நின்றால் பேஜே மாறிவிட்டது, பெரும்பாலும் வாலில். ஒரு எச்சரிக்கை: கே-12க்கும் சொந்தக் கத்தரி உண்டு. பண்ணையில் இருந்து கே-12க்குப் போகும்போதும் ஒரு தடவை எண்ணிக்கை விழலாம். பயப்பட வேண்டாம்.

நேர் துளியில் மட்டும் மங்கலாக ஒரு வட்டம், நீர்த்தால் தனிப் பிளேக் கிடையாது. இது எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட ஏமாற்று. ஒரு பாக்டீரியா மேல் நூறு பேஜ் ஒரே நேரத்தில் ஓட்டை போட்டால், உள்ளே ஒரு குட்டியும் பிறக்காமலே செல் வெடித்துவிடும். அதைப் பார்த்து "கொல்கிறது" என்று எழுதுபவர்கள் நிறைய. இன்னொரு வாய்ப்பு தற்கொலை. சில பாக்டீரியாக்கள், பேஜ் நுழைந்தது தெரிந்ததும், அது பெருகி முடிப்பதற்குள் தங்களையே கொன்றுகொள்கின்றன. அந்தச் செல் போகும், சுற்றியிருக்கும் உடன்பிறப்புகள் பிழைக்கும். இந்த மரபணுக்கள் பல நேரம் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்திலோ, பாக்டீரியாவுக்குள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் வேறொரு பேஜிலோ இருக்கும். டி4 பேஜின் ஆர்-டூ என்ற சடுதிமாற்ற வகைகள், லாம்டா தூங்கும் ஈ.கோலையில் வளராது. முன்னால் குடிவந்தவர் பின்னால் வருபவரை ஒட்டவிடாத கதை. 1955இல் பென்சர் இதைச் சல்லடையாக வைத்துத்தான் ஒரு மரபணுவுக்குள் இருக்கும் நுண்ணிய இடங்களைப் பிரித்துக் காட்டினார்.

2018இல் இஸ்ரேலின் சோரெக் குழு, பாக்டீரிய மரபணுத் தொகுதிகளில் தற்காப்பு மரபணுக்கள் குவிந்து கிடக்கும் இடங்களைத் துழாவிப் பேஜைத் தடுக்கும் புது ஏற்பாடுகள் ஒன்பதைச் சோதித்துக் காட்டியது. பல நாட்டுக் காவல் தெய்வங்களின் பெயர்களை வைத்தார்கள். சோர்யா, ஹாச்சிமான், கபியா என்று போகும். நம் பக்கம் யாராவது ஒன்றைக் கண்டுபிடித்தால் கருப்பராயன் என்று வைக்கலாம், எல்லையில் நின்று காக்கிற வேலைக்குப் பொருத்தமான ஆள்.

வந்துபோன பேஜின் டி.என்.ஏ. துண்டை ஞாபகமாக வைத்துக்கொள்ளும் கிரிஸ்பர் என்ற தற்காப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் அது முதலில் நிரூபிக்கப்பட்டது தயிரோடு சம்பந்தப்பட்ட பாக்டீரியாவில் என்பதை மறந்துவிடுகிறார்கள். கோபிப் பக்கம் எங்கள் அம்மிச்சி, தயிர் இரண்டு நாள் சரியாக உறையாமல் சளசளவென்று இருந்தால், பக்கத்துத் தோட்டத்துக்கு என்னைக் கிண்ணத்தோடு துரத்திவிடும், "உறைமோர் வாங்கிட்டு வா கண்ணு" என்று. வெயில், பால், பாத்திரம் என்று அதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம், எல்லாம் பேஜ் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பால் ஆலைகளில் உறை கெடுவதற்குப் பேஜ் காரணம் என்பது 1935இலேயே நியூசிலாந்தில் வைட்ஹெட்டும் காக்ஸும் காட்டிய விஷயம். ஆலைக்காரர்களும் அம்மிச்சி செய்ததையே செய்கிறார்கள், உறை விகாரத்தை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். 2007இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற தயிர் பாக்டீரியாவைப் பேஜோடு விட்டுப் பிழைத்தவற்றைப் படித்தபோது, அவற்றின் கிரிஸ்பர் வரிசையில் அந்தப் பேஜின் டி.என்.ஏ. துண்டு புதிதாகச் சேர்ந்திருந்தது. துண்டை எடுத்துவிட்டால் எதிர்ப்பு போனது. செருகினால் வந்தது. பேஜ் அந்த இடத்தில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு தப்பித்ததையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். உங்கள் கோழி ஈ.கோலையில் கிரிஸ்பரைப் பெரிதாகச் சந்தேகிக்க மாட்டேன். சாதாரண நிலையில் ஈ.கோலையில் அது பெரும்பாலும் தூங்குகிறது.

அப்புறம், பண்ணைக்கு என்ன செய்வது? 2019இல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை வந்த பிறகு பேஜ் பக்கம் எல்லாரும் பார்ப்பது நியாயம்தான். ஆனால் கல்லூரி விகாரத்தில் பிடித்த பேஜை நேரே தண்ணீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள். உங்கள் பேஜ் தூங்கும் வகையா, கொல்லும் வகையா என்று தெரியாது. தூங்கும் வகைகள் நச்சு மரபணுவைச் சுமந்து வரலாம். காலராக் கிருமியின் நச்சு மரபணுவே ஒரு பேஜில் வந்ததுதான். பிளேக்கின் நடு கலங்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தூண்டில் இரையை மாற்றுங்கள். பண்ணையில் செத்த வெவ்வேறு கோழிகளில் இருந்து ஐந்தாறு ஈ.கோலை எடுத்து, கூண்டுக்கு அடியில் கிடக்கும் எருவையும் ஷெட் வடிகாலையும் அவற்றின் மேல் விட்டுப் பிடியுங்கள். கொண்டைத் தலையை வைத்துப் பிடித்தால் கொண்டையைத் தெரிந்த பேஜ்தான் வரும். இப்போது கையில் இருக்கும் பேஜையும் வீசிவிட வேண்டாம். அதைப் பண்ணை விகாரத்தோடு பத்து நிமிடம் கலந்து, சுழற்றி, மேல் தண்ணீரில் எத்தனை பேஜ் மிச்சம் என்று கே-12இல் எண்ணிப் பாருங்கள். அப்படியே மிச்சம் இருந்தால் சார் சொன்னதுதான், ஒட்டவே இல்லை. காணாமல் போயிருந்தால் ஒட்டிவிட்டது, சிக்கல் உள்ளே. அந்த எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்ததை அப்போது பார்க்கலாம். எண்ணுவதற்கு முன்னால் வளர்ப்புக் கரைசலில் குளுக்கோஸ் இருக்கிறதா என்று ஒரு தடவை டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.